மூன்றாவது பெட்டி

முதலில் வாங்கியது ப்ளூடூத்.
செய்தி வாசிப்பவள் வாய் மூடிய பிறகுதான்
சொல் வந்து சேர்ந்தது.
பரமட்டா கடையில் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்தது காதுக்கருவியை நெரித்து
விசில் அடிக்க வைத்தது.

இது தாடைக்குக் கீழே தொங்குகிறது,
டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி.
இடக்காதுக்குத் தனித் திருகு.
"இதுதான்!" என்றேன்.
கடையே திரும்பிப் பார்த்தது.

இப்போது பென்டில் ஹில் வீட்டில் டிவி ஊமை.
மேல்வீட்டுக்காரன் தரையைத் தட்டுவதில்லை.
அம்பயர் செருமுவதுகூட எனக்குக் கேட்கிறது.

பக்கத்தில் தவமலர்
ஏதோ சொல்கிறாள், தானே சிரிக்கிறாள்.
முந்தி டிவிக்கு மேலால் கத்துவாள்,
ஒன்றிரண்டாவது விழும்.

விளம்பரம் வரட்டும் என்று
கை காட்டுகிறேன்.

விளம்பரமும்
எவ்வளவு தெளிவு.