தாங்கு நிறை

படிவத்தில் என் பெயர் தயாரிப்பாளர்.
மாங்குளம் சந்தியில் விசாரித்தால்
ஒட்டுக்கடை மனுசி என்பார்கள்.
இரண்டு பேருக்கும் ஒரே கையொப்பம்,
பொறி பட்டுத் தீய்ந்த விரலால் வைப்பது.

புலேந்திரனுக்கு மண் ஏற்ற ஒரு மெசின் பெட்டி.
பத்தடிக்கு ஆறு, இரண்டு சில்லு,
கொழுவி கழற்றினால் பின்கதவு விழும்.
நீலப் பெயின்ற் இன்னும் காயவில்லை.
அதற்குள் வந்து நிற்கிறான்:
"மூண்டு தொன் எண்டு அடியுங்கோ அக்கா.
ஆர் நிறுக்கப் போறான்?"

நான் நிறுத்தேன்.
மல்லாவி அரிசி ஆலையின் தராசு மேடையில்
வெறும் பெட்டி எண்ணூற்று எழுபது.
எழுதி முடித்த பிறகுதான் கண்டேன்,
தராசுக்காரத் தம்பி தேத்தண்ணிக் கோப்பையோடு
சில்லில் சாய்ந்தபடி மேடையிலேயே நிற்கிறான்.
இறங்கு என்றேன். இறங்கினான்.
எண்ணூற்றுப் பத்து.
ஒரு மிடறு குடிக்கிற நேரத்துக்குள்
அறுபது கிலோப் பழி ஒரு பெட்டியின் மேல்.

ரயர் தன் கணக்கைத் தன் தோலிலேயே சுமக்கும்:
ஒன்றுக்கு ஆயிரத்து நானூறு.
அச்சு எந்த லொறியினுடையதோ.
"நாலு தொன் தாங்கும்" என்றான் பழைய இரும்புக் கடைக்காரன்.
விற்கிறவன் வாயை நான் அளவுகோலாய் எடுப்பதில்லை.
விட்டம் அளந்து பட்டியலில் தேடினேன்,
மூன்றுக்குச் சற்று மேல்.
வில்லுத்தகடு எட்டு இலை,
இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு.

விதி ஒரு வரிதான்.
எது குறைவோ அதுவே மொத்த நிறை.
அச்சிடம் மிச்சமிருக்கிற பலத்தை
வில்லுக்குக் கடன் கொடுக்க ஏலாது.
பெட்டியின் பாரத்தைக் கழித்தால்
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.

புலேந்திரன் சிரித்தான்.
"அந்த வருசம் எங்கட பெட்டியில முப்பத்தொரு பேர்.
கூரைத் தகரம், தையல் மெசின், நெல்லு ஆறு மூட்டை.
உடைஞ்சதோ?"

எங்களுடையது உடைந்தது.
இரணைப்பாலைக்குப் போகிற வழியில்,
வில்லின் இரண்டாவது இலை.
மேல் இலை என்றால் கண்ணில் பட்டிருக்கும்.
பாரம் குறைக்கச் சொன்னார்கள்.
முதலில் எதை இறக்கினோம்,
அதற்குப் பிறகு எதை,
அதற்கும் பிறகு
.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அவனிடமும் சொல்லவில்லை.
"ஈர மண் எண்டால் இன்னும் கனக்கும்,
குறைச்சு ஏத்து" என்றேன்.

தகட்டில் எண் அடிக்க உட்கார்ந்தால்
அச்சுப் பெட்டிக்குள் ஏழு இல்லை.
ஜெயறூபன் பாயைத் தூக்கித் தேடினான்,
காந்தத்தை இழுத்துக்கொண்டு முற்றமெல்லாம் தேடினான்.
"எண்ணூறு எண்டு அடிப்பமே, பத்துக் கிலோதானே?"
ஆயிரத்து அறுநூறும் அடிக்கலாம், எனக்கு ஏழே வேண்டாம்.
ஆனால் கணக்கு அதுவல்லவே.
இங்கிலிஸ் எல்லைத் தலைகீழாய்ப் பிடித்து
ஒரே அடி.
ஆறைக் கவிழ்த்து ஒன்பது.

வியாழக்கிழமை வவுனியாவிலிருந்து பரிசோதகர் வந்தார்.
மண்ணில் குந்தி, போன் வெளிச்சத்தில் அடிப்பக்கம் பார்த்தார்.
ஒட்டுத் தழும்பை நகத்தால் வழித்துப் பார்த்தார்.
எதுவும் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.
பிறகு தகட்டுக்கு வந்தார்.
"இதென்ன ஏழு?"
"ஏழுதான், சேர்."
"சரி. ஆனா தகடு இடப்பக்கம் இருக்க வேணும்.
நீங்கள் வலப்பக்கம் அடிச்சிருக்கிறியள்.
மாத்திப் போட்டுக் கூப்பிடுங்கோ."

தேத்தண்ணிக் கடை வாசலில் புலேந்திரன்
யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான்:
"ஓம், ஒரு நடையில ஏலாது.
ரெண்டாத்தான் அடிக்க வேணும்.
என்ன செய்ய, மனுசி எழுதிப்போட்டுது."

நான்கு ஆணியையும் துளைத்துக் கழற்றினேன்.
வலப்பக்கம் நான்கு ஓட்டை.
அவற்றை ஒட்டி அடைக்க வேணும்,
தேய்க்க வேணும்,
மிச்ச நீலம் காணுமோ தெரியாது.