மூன்றரை அடி வாசல்

பள்ளத்தூர் வீட்டுக்குப் பின்னால்
பதினெட்டு சென்ட் புல்தரை.
மெய்யம்மை கல்யாணத்துக்குப் போட்டது.
பாய் பாயாகச் சுருட்டி லாரியில் வந்த புல்.

மூன்று நாள், ஆயிரத்து எண்ணூறு பேர்.
பந்தல்காரர் கால், பந்தி பரிமாறியவர் கால்,
ஜெனரேட்டர் வண்டியின் சக்கரம்,
செருப்போடும் செருப்பில்லாமலும் சொந்தம்.
எல்லாரும் போன பிறகு
தண்ணீர் விட்டால் உள்ளே இறங்கவில்லை.
தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி
நின்ற இடத்தில் நின்று
வெயிலுக்குப் போனது.

கல்யாணம் பதினோரு மாதம்.
இரண்டு லாரியில் போன சாமான்
ஒரு லாரியில் திரும்பி வந்தது.
எண்ண வேண்டாம் அப்பச்சி என்றாள்.
அவள் தூங்கியபின் எண்ணினேன்.

அந்தக் கோடையில்
எங்கள் இருவருக்கும் பேச இருந்தது
தரை மட்டும்தான்.

காரைக்குடியில் இருதயராஜ் கடை.
வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ஏரேட்டர்
இரண்டு ரகம்.
ஒன்று ஆணி முளைத்த உருளை, பாதி விலை.
மற்றதில் ஆணிக்குப் பதில் குழல்.
நான் பாதி விலையைப் பார்த்தேன்.

“ஆணி குத்தும் சார், அம்புட்டுதான்.
குத்துன எடத்து மண்ணு எங்க போகும்?
பக்கத்து மண்ண நெருக்கும்.
ரெண்டு வருசத்துல முன்னைக்கும் மேல இறுகிரும்.
குழலு கொஞ்சத்த வெளிய எடுத்துப் போடும்.
எடுத்தாத்தானே சார் எடம்?”

மெய்யம்மை எதுவும் சொல்லவில்லை.
ஆணி ரகத்தை விட்டு
ஓரடி தள்ளி நின்றாள்.

அகலத்தில் எனக்கு நாலடி பிடித்தது.
நாலடி என்றால் இருபத்திரண்டு நடை,
மூன்றடி என்றால் முப்பது.
கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.
காலையிலேயே அளந்திருக்கிறாள்.
“கொல்லை வாசல் மூன்றரை.
நாலடியை எப்படி உள்ள கொண்டு போவீக?
கல் நிலையை இடிச்சா?”

மூன்றடி வாங்கினோம்.
மேலே எடை வைக்க ஒரு தட்டு.
எடையைத் தனியாக விற்கிறார்களாம்.
நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள்:
“நம்ம வீட்டுல எடைக்கா பஞ்சம்?”

சேவுகன் தன் மொபெட்டில் கட்டி இழுத்துப் பார்த்தான்.
இரண்டாம் நடையில் ரப்பர் கருகும் வாசம்.
மறுநாள் அடைக்கலத்தின் குட்டி டிராக்டர்,
வாசலில் இருபுறமும் இரண்டு விரல் மிச்சம்.
அப்போதும் குழல் இறங்கவில்லை.
காய்ந்த செம்மண்,
அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டும் சத்தம்.
இருதயராஜுக்குப் போன் போட்டேன்.
“ராத்திரியே நனைச்சு வச்சீகளா?”
அதை யார் சொன்னார்கள்?

இரவெல்லாம் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தோம்.
விடிந்ததும் தட்டில்
மழையில் கல்லாகிப்போன ஒரு சிமெண்ட் மூட்டை.
அதன் பக்கத்தில்
அவளும் சேவுகனும் தூக்கி வைத்தது
சீரில் போய்த் திரும்பி வந்த கிரைண்டர் கல்.
ஒருநாள்கூட மாவு பார்க்காதது.
அட்டைப்பெட்டியை அவளே கிழித்தாள்.

டிராக்டரையும் அவளே ஓட்டினாள்.
நான் பின்னால் நடந்தேன்,
பாதைக் கல் வரும் இடத்தில்
பல்லைத் தூக்கும் நெம்புகோலுக்கு.
கிரைண்டர் கல் அதிர, குழல் இறங்கியது.
நடைக்கு நடை விழுந்தன
செக்கச் சிவந்த தேன்குழல் துண்டுகள்,
விரல் நீளம், உள்ளே ஈரம்.

பன்னிரண்டாம் நடையோ என்னவோ,
ஒரு துண்டில் ஊசி மாதிரி ஏதோ மின்னியது.
வண்டியை நிறுத்தி இறங்கி வந்தாள்.
சேஃப்டி பின்.
யார் சேலையிலிருந்து விழுந்ததோ.
துருவைப் பாவாடையில் துடைத்தாள்,
திறக்கிறதா என்று பார்த்தாள்,
காற்றில் பறந்த துப்பட்டாவை
அதைக்கொண்டே தோளில் குத்திக்கொண்டாள்.

எதையாவது சொல்ல வேண்டியிருந்தது எனக்கு.
அந்தக் கல்லு வெளியே கிடந்தா
மழையில துருப்பிடிக்காதா என்றேன்.

“கல்லு எப்படி அப்பச்சி துருப்பிடிக்கும்?”
என்று ஏறி உட்கார்ந்தாள்.
இன்னும் பதினெட்டு நடை இருந்தது.