கால் கரண்டி

களியல் ஜங்ஷனில் என் கடை
விடியுமுன் மூன்றரைக்கே திறந்துவிடும்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பால்வெட்டுக்குப் போகிறவர்கள்
மரத்தைத் தொடுமுன் என் கிளாஸைத் தொடுவார்கள்.

கொச்சுமணிக்கு மூன்று கரண்டி சீனி.
சாயாவுக்கு முன்னால் ஒரு பீடி, பின்னால் ஒரு பீடி,
நடுவில், முந்தாநாள் எண்ணெயில் பொரித்த
ஏத்தன்பழம் இரண்டு.
நாளுக்கு முந்நூற்றைம்பது மரம் வெட்டுகிற ஆளுக்கு
வியாதியா வரும்
என்று நானும்தான் சொன்னேன்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை
வெட்டு முடித்து வந்தவன்
இடது தோளைத் தேய்த்துக்கொண்டே
"வாயுவாக்கும், தாசையா. ஒரு சோடா உடை" என்றான்.
உடைத்தேன்.
இஞ்சி தட்டிக் கொடுத்தேன்.
பெஞ்சில் சாய்ந்தவன்
ஆட்டோ வந்தபோதும் சாய்ந்தபடியே இருந்தான்.
நாற்பத்து நான்கு வயது.
காட்டில் அவன் வெட்டிவைத்த மரங்களில்
சிரட்டை சிரட்டையாய்ப் பால் நிறைந்து
எடுக்க ஆளில்லாமல்
உறைந்து கிடந்தது.

"உள்ளேயும் அதுதான் நடந்தது" என்றாள்
நர்ஸ் பிரிசில்லா.
"இனி எவனாவது தோளைத் தேய்த்தால்
சோடா உடைக்காதே அண்ணா, வண்டி பிடி."

அதோடு போயிருக்கலாம். போகவில்லை.
"சப்சென்டருக்கு ஒருத்தரும் வரல்ல.
ஒங்க கடைக்கு எல்லாரும் வாராங்க.
ஒரு மூலை தாங்க, போதும்."
யாவாரம் கெடும் என்றேன்.
பதில் சொல்லாமல்
சீனியில்லாத கட்டஞ்சாயா குடித்தாள்,
காசு வைத்தாள்,
மறுநாளும் வந்தாள்.
மூன்றாம் நாள்
சிலிண்டர் இருந்த மூலையை ஒழித்துக் கொடுத்தேன்.

ஆனையை விரட்டிய கதை சொல்கிறவர்கள்
கையில் ஒரு துணிப்பட்டை சுற்றக் கூசினார்கள்.
"மொதல்ல கடக்காரன் காட்டட்டும்"
என்றான் ஆட்டோ சசிதரன்.
கடை முழுக்கச் சிரிப்பு.
நீட்டினேன்.
பட்டை இறுகி, இறுகி, விட்டது.
நூற்று எழுபத்தெட்டு. நூற்றுப்பத்து.
சிரித்தவர்கள் எங்கோ பார்த்தார்கள்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது,
யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி தொடங்கியது என் களவு.
மூன்று கரண்டி, இரண்டே முக்கால் ஆனது.
"பால்ல தண்ணி ஊத்துனியாடே?"
"பசு மாறியிருக்கு" என்றேன்.
பதினைந்து நாளைக்கு ஒரு கால் கரண்டி,
ஓணத்துக்குள் மூன்று ஒன்றரை ஆயிற்று,
ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை.
எண்ணெயை அன்றன்றைக்கே கொட்டுகிறேன்,
நாளுக்கு எண்பது ரூபாய் நட்டம்,
அதை மறைப்பதற்கில்லை.
அவித்த ஏத்தன்பழத்தை
ஆஸ்பத்திரித் தீனி என்று தள்ளினார்கள்,
பதினோரு நாள் நானே தின்று தீர்த்தேன்.
பீடி கொளுத்தத் தொங்கவிட்ட
கனல் கயிற்றை அவிழ்த்துப் போட்டேன்.
இப்போது ரோடு தாண்டி
ஷாஜி கடைக்கு நடந்துபோய்க் கொளுத்துகிறார்கள்.
"அதுவும் நடைதானே"
என்கிறாள் பிரிசில்லா, சிரிக்காமல்.

கொச்சுமணியின் மரங்களை இப்போது
அவன் பெண்டாட்டி கமலபாய் வெட்டுகிறாள்.
நேற்று பால் எடுத்து முடித்து
பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தாள்.
ஒரு மடக்கு குடித்துவிட்டு
கிளாஸைப் பார்த்தாள், பிறகு என்னை.

"சீனி கொறச்சிருக்கீரு."

"ஆமா."

"அவருக்கும் இப்படிப் போட்டிருக்கலாமே."

துடைத்த மேசையை
மறுபடி துடைத்தேன்.

அவள் எழுந்து மூலைக்குப் போனாள்.
முழங்கைவரை காய்ந்து ஒட்டியிருந்த பாலை
தோல் உரிப்பதுபோல உரித்து
மேசை ஓரத்தில் சுருட்டி வைத்துவிட்டு
கையை நீட்டினாள்.