மின்தடை, 2.10

சுவாமிமலை ரிசார்ட்டின் கடைசி அறையில்
படுக்கை நீளத்துக்கு ஒரு பெட்டி. மூடினால் ஊதா வெளிச்சம்.
"வெயிலை வாடகைக்கு விடுறோம்" என்றார்
மேனேஜர் ஹபிபுல்லா, சிரிக்காமல்.

சுவரில் இருக்கும் தமிழ் என் கையெழுத்து.
கண்மூடி இல்லாமல் படுக்கக் கூடாது.
பதினெட்டு முடியாதவர் உள்ளே வரக் கூடாது.
ஒருமுறை படுத்தவர்
நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்தே மறுபடி.
டைமர் சாவி என் இடுப்பில்.

பாபநாசத்திலிருந்து மண்டபம் பார்க்க வந்த
கல்யாணப் பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்தார்:
"இதையே திருப்பி ஓட்டினா வெளுக்குமா?"
அதற்கு விதி எழுதியிருக்கவில்லை.

நேற்று ஏழாவது நிமிடம் கரண்ட் போனது.
ஜெர்மன்காரர் மூடியைத் தூக்கி எழுந்தார்,
வெந்த இறால் நிறத்தில்.
ஜெனரேட்டர் உறுமியதும் ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.
மீதி. காசு கொடுத்த மீதி.

முடியாது என்றேன்.
அவர் மேனேஜரைக் கூப்பிட, மேனேஜர் என்னைக் கூப்பிட,
"நீங்க ஒட்டச் சொன்னதுதானே சார்" என்றேன்.
குரல் எனக்கே புதிதாக இருந்தது.

போன குறுவையில்,
நாற்று முடியோடு சேற்றில் கண் இருட்டி உட்கார்ந்தபோது
"இன்னும் ரெண்டு பாத்திதான்" என்றார் வயல்காரர்.
எழுந்து நட்டேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
மின்தடை. மீதி ஐந்து நிமிடம் தரப்படவில்லை.
வேண்டுமானால் வெளியே வரப்பில் நிற்கலாம், இலவசம்.

கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்:
இரா. தையல்நாயகி.