அரை மாத்திரை பிந்தி

கில்லிபெக்ஸ் துறைமுகத்தில்
கானாங்கெளுத்திப் பெட்டிகள் அடுக்கிய பழைய கிடங்குதான்
எங்கள் நான்காம் ஆல்பத்தின் ஒலிப்பதிவுக்கூடம்.
வாடை போகவில்லை.
பிப்ரவரி முழுக்க
செதில் மினுங்கும் தரையில்
ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

டிம்ஃப்னாதான் ஆரம்பித்தாள்.
லெட்டர்கென்னியில் மூடப்போகிற ஒரு கடையில்
பாதி விலைக்கு வாங்கிய சிந்தசைசரை
தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாள்.
அதில் மூன்று கட்டைகள் ஊமை.
பரவாயில்லை,
அந்த மூன்றையும் நான் பாடிவிடுகிறேன் என்றாள்.

லோர்க்கன் ஃபிடிலை உறையிலிருந்து எடுக்கவே
இரண்டு நாள் ஆயிற்று.
கோபமெல்லாம் இல்லை என்றான்.
கோபமில்லாதவன்
வில்லுக்கு அத்தனை நேரமா குங்கிலியம் தேய்ப்பான்?

பக்கத்துக் கட்டடத்துப் பனிக்கட்டி எந்திரம்
ராத்திரியெல்லாம் ஒரே சுருதியில் முனகும்.
முதல் வாரம்
நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினோம்.
அடுத்த வாரம் அதற்கு ஒரு மைக் வைத்தோம்.
அதன்பின் நுவாலா,
முழங்கையால் மூச்சூட்டும் தன் இல்லின் பைப்பை
அதன் சுருதிக்கு இறக்கிக்கொண்டாள்.
என்னைவிட நல்ல வாத்தியக்காரன்,
கை வலிக்கிறதென்று ஒருநாளும் சொல்வதில்லை என்றாள்.

நான் பவ்ரான் அடிப்பவன்.
ஆட்டுத்தோல், மர வளையம், ஒரு சின்னக் குச்சி.
ஈரக்காற்றில் தொய்யும்,
ஹீட்டர் முன்னால் விறைக்கும்,
என்னைப் போலவே.
பதினோரு வருடம் எல்லோருக்கும் அடியில் ஓடினேன்,
தெருவுக்கடியில் ஓடும் சாக்கடைபோல:
ஓடும்வரை எவருக்கும் நினைவில்லை,
நின்றால் ஊரே மூக்கைப் பிடிக்கும்.

ஒன்பது பாட்டில் எனக்கு இரண்டு.
மீதி ஏழுக்கும் ஒரு கறுப்புப் பெட்டி.
அதற்கு வியர்க்காது. தேநீர் கேட்காது.
அதன் பக்கத்தில் உட்கார்ந்து
நான்தான் தேநீர் குடித்தேன்.

ரெக்ஸமிலிருந்து வந்த கெத்தின்தான் தயாரிப்பாளன்.
ஒரு மதியம், சும்மா,
கை சூடேற நான் தட்டிக்கொண்டிருந்ததை
சொல்லாமல் பதிந்துவிட்டான்.
நாலே நாலு சுற்று.
மூன்றாவதில்
தகரக் கூரைமேல் கடற்காகம் ஒன்று தொப்பென இறங்க
என் மணிக்கட்டு தயங்கி
அடி
அரை மாத்திரை பிந்தி விழுந்தது.

வெட்டி எடுத்து வட்டமாய் ஒட்டிவிட்டான்.
ஆறாவது பாட்டில்
என் தவறு நாற்பத்தாறு முறை வருகிறது,
கடற்காகத்தின் கால்களோடு.
அழித்துவிடு என்றேன்.
அதுதான் பாட்டு என்றான்.

மேடையில் பெட்டி வேண்டாம், நீயே அடி
என்று டிம்ஃப்னா சொல்லிவிட்டதால்
ஒரு மாதம் சமையலறையில்
தப்பப் பழகினேன்.
தாளம் பிடிப்பது கைக்கு வரும்.
தாளம் தப்புவதைத் தாளம் தப்பாமல் செய்ய
எந்தக் கைக்கு வரும்?
கொஞ்சம் கூடினால் குடிகாரன்.
கொஞ்சம் குறைந்தால் கறுப்புப் பெட்டி.

ஸ்லைகோவில் முதல் இரவு.
பழைய ரசிகர்கள் கையைக் கட்டிக்கொண்டு
சுவரோரம் நின்றார்கள்.
சிந்தசைசரைப் பார்த்த பார்வை,
கல்யாண வீட்டில் கடன்காரனைப் பார்ப்பதுபோல்.
முன்வரிசையில் வேறு கூட்டம்.
ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு
கால்களில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள்.

ஆறாவது பாட்டு.
என்ன வீம்போ தெரியவில்லை,
மூன்றாம் சுற்றில் சரியாக அடித்தேன்.
பதினோரு வருடத்துச் சுத்தத்தோடு,
கணீரென்று.

முன்வரிசை தடுக்கியது.
இருநூறு செருப்புகள்
காற்றில் காலியாய் நின்று
ஒன்றன்மேல் ஒன்று மிதித்தன.
ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
படிக்கட்டில் ஒரு படியை உருவிக்கொண்டவனைப் பார்ப்பதுபோல்.

லோர்க்கன் சிரித்தான்.
பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறை.
வில்லை எடுக்காமலே
தகரத்தில் ஏதோ இறங்குவதுபோல்
குதிகாலால் மேடையை ஒரு தட்டு தட்டினான்.

தயங்கினேன்.
அரங்கம் முழுக்கக் கூடவே தயங்கியது.
அடித்தேன்.
சுவரோரம் கட்டிய கைகளில்
ஒரு ஜோடி அவிழ்ந்ததாக நுவாலா சொல்கிறாள்.
நான் பார்க்கவில்லை.

அந்தப் பறவைக்கும் பங்கு எழுதவேண்டும் என்கிறாள்.
எத்தனை சதவீதம் என்று
கெத்தின் நிஜமாகவே யோசிக்கிறான்.