ஷ்ருப்கா

எல்ப்லாங்கில் பூட்டிக் கிடந்த உலோகப் பட்டறையில்
திருகாணிப் பெட்டிக்குள் சுருண்டிருந்தாளாம்.
அதனால் அந்தப் பெயர்: சின்னத் திருகாணி.
அங்கிருந்து ஒரு பல்மருத்துவரின் காரில்,
பிறகு பள்ளிச் சமையல்காரி ஒருத்தியின் மடியில், ரயிலில்,
பிறகு ஹலினாவின் குளியலறையில் ஏழு வாரம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள்
ஒரு கூடையைக் கைமாற்றிக் கைமாற்றி
கதான்ஸ்க் வரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

கூடைக்கு முன்னால் ஹலினா வந்தாள்.
நான்காம் மாடி ஜன்னல்களை உலுக்கினாள்.
பால்கனி வலையில் விரல் விட்டு இழுத்தாள்.
"தனியாகவா?"
ஆமாம்.
"வேலை?"
டிராம் ஓட்டுகிறேன். விடியற்காலை முதல் வண்டி.
"பூனை உங்களை நேசிக்கும் என்று நான் சொல்லவில்லை.
படிவத்திலும் அப்படி எழுதவில்லை."
கையெழுத்துப் போட்டேன்.

கூடையைத் திறந்ததும்
சாம்பல் நிறத்தில் ஏதோ தரையோடு தரையாக ஓடியது.
அவ்வளவுதான் பார்த்தேன்.
அப்புறம் பதின்மூன்று நாள்
சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் இருட்டு இருந்தது.
அதற்குச் சாப்பாடு வைத்தேன்.
காலையில் கிண்ணம் காலி.
மணல் தட்டில் ஒரு குட்டி மேடு,
குடியிருப்பவர் கண்ணில் படாமல்
வாடகையை வைத்துவிட்டுப் போனது மாதிரி.

அழுக்குத் துணி சேர்ந்தது.
இயந்திரத்தைப் போட மனம் வரவில்லை.
சீருடைச் சட்டையைத் தொட்டியில் அலசி
நவம்பர் குளிரில்
ஈரக் காலரோடு வண்டி ஓட்டினேன்.

ஹலினா அழைத்தாள்.
"பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம், விதோல்த்.
தப்பே இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறது."
இருப்பது தெரியும்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நாளை வந்தது. மூன்றே கால் மணி.
ஷூ மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.
இருபது வருட ஓட்டுநர் இருக்கை
என் இடுப்பில் எழுதிவைத்த பற்று.
சமையலறைத் தரையில் மெல்ல மல்லாந்தேன்.
குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் தூசி,
எப்போதோ உருண்ட ஒரு பட்டாணி.
வலியை ஏமாற்ற நிறுத்தங்களை முனகினேன்:
ஒலிவா. ஸாஸ்பா. வ்ஷெஷ்ச். ஸ்தோகி கடற்கரை.
பெயர்கள் தீர்ந்தபோது
கட்டாத ஷூ நாடா அசைந்தது.

நான் அசைக்கவில்லை.

கண்ணை மட்டும் தாழ்த்தினேன்.
இடது காதில் நுனி இல்லை.
மூக்கின் ஓரம் ஒரு வெள்ளைப் புள்ளி,
யாரோ பெயின்ட் அடிக்கையில் தெறித்தது போல.
இரண்டு வாரமாக என் வீட்டில் இருப்பவளை
அப்போதுதான் பார்க்கிறேன்.
நாடாவை முகர்ந்தாள். தும்மினாள்.
வழியில் கிடக்கும் சாமானைச் சுற்றுவது போல்
என்னைச் சுற்றிவந்தாள்.
அதுவே போதும் என்று தோன்றியதாகச் சொன்னால் பொய்.
இன்னும் வேண்டும் போலத்தான் இருந்தது.
கையை நீட்டவில்லை.

வலி விட்ட பிறகும் எழவில்லை.
அன்று முதல் டிராம்
ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'முதுகு' என்று எழுதினேன்.

மாலையில் ஹலினாவிடம் சொன்னேன்: தும்மினாள்.
"சளியா?"
இல்லை, என் ஷூ.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவள் குளியலறைக் கதவுக்குப் பின்னால்
புதிதாக ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது.
"நேற்று ராத்திரி வந்தது. போய்ப் பார்க்கிறேன்,"
என்று வைத்துவிட்டாள்.
திருப்பித் தருவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

துணியை இன்னும் தொட்டியில்தான் அலசுகிறேன்.