எடைமேடை

புளியரை எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
எம்-சாண்டும் வைக்கோலும் வாழைத்தாரும்
ஆரியங்காவு ஏறுமுன்
என் ஜன்னலோரம் நின்று மூச்சு வாங்கும்.

டிரைவர் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
எத்தனை நாள் உறங்கவில்லையென்று.
"ஓரமாப் போட்டுட்டு ஒரு மணி நேரம் படுங்கண்ணே,
மலை எங்கயும் ஓடிராது."

நேற்று விடியலில்
வாயில் பிரஷ்ஷோடு சுவரில் சாய்ந்து நின்றாள்
நிலோஃபர், பதினொன்றாம் வகுப்பு.
அதே கண்.
ஐந்து மணிக்கு பிசிக்ஸ் டியூஷன்,
ஏழே காலுக்கு பஸ்.
"எல்லாம் அந்தச் செல்லால வர்றது,
வாங்கி வைங்க" என்றாள் இவள்.

வாங்கிப் பார்த்தேன்.
பதினொன்றே முக்கால். பன்னிரண்டரை. ஒன்று பத்து.
வந்த அழைப்பெல்லாம் 'வாப்பா'.
"முழிச்சுப் படிக்கிறியாம்மா?"

டியூஷன் சாரிடம் சொல்லியாயிற்று,
திங்கள் முதல் சாயங்காலம்தான் வருவாள்.
முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

இப்போது பதினொன்றே முக்கால்.
கட்டைவிரல் பழக்கத்தில் அவள் பெயர்மேல் போய் நிற்கிறது.
செல்லை மேசை டிராயரில் போட்டு மூடுகிறேன்.
மேடையில் ஒரு டாரஸ்,
திரையில் எண்கள் ஏறி இறங்கித் தத்தளிக்கின்றன.
"ரசீது என்னாச்சு?"

பொறுங்கண்ணே,
ஆட்டம் அடங்கட்டும்.